எந்தப் பக்கம் போகும்?
வினை குணகம் பழகுவோருக்குப் பதினைந்து அறிவுரைகள்

பதினொன்றாம் வகுப்பில் வேதிச் சமநிலைப் பாடம் தொடங்கியதும் பாதிப் பேரின் முகம் சுருங்கிவிடும். சமநிலை மாறிலியை எப்படியோ மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடுவார்கள். அடுத்த பக்கத்தில் அதே பின்னம் ‘வினை குணகம்’ என்று வேறு பெயரில் வந்து நிற்கும்போதுதான் சிக்கல். இதுவும் அதுவும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர் என்று கேட்பார்கள். உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது என்பது என் கட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே உப்பளங்களில் பாத்தி பாத்தியாகக் கிடப்பது இந்தப் பாடம்தான். வேதியியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் என்கிற உரிமையில், புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கச்சிகளுக்குச் சிலதைச் சொல்லிவைக்கிறேன். கே என்றால் சமநிலை மாறிலி, க்யூ என்றால் வினை குணகம். கடைசி வரை இந்த இரண்டு எழுத்துதான்.

1. க்யூ இப்போது நிற்கும் இடம். கே போய்ச் சேரும் இடம்.

பின்னம் ஒன்றுதான். விளைபொருள்களின் செறிவு மேலே, வினைபடுபொருள்களின் செறிவு கீழே, சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண் ஒவ்வொன்றுக்கும் அடுக்கு. சமநிலை வந்த பிறகு உள்ள செறிவுகளைப் போட்டால் கே. எந்த நேரத்துச் செறிவைப் போட்டாலும், கலந்த அடுத்த நொடியாக இருந்தாலும், க்யூ. க்யூ கேயைவிடச் சிறிது என்றால் வினை முன்னோக்கிப் போகும். பெரிது என்றால் பின்னோக்கித் திரும்பும். இரண்டும் சமம் என்றால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். மொத்தத்தில் மாற்றம் தெரியாது. நார்வேக்காரர்களான குல்ட்பெர்க்கும் வாகேயும் 1864-ல் நிறைத்தாக்க விதியைச் சொன்னார்கள். அந்த விதியிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பின்னம்.

2. எது அதிகமாக இருக்கிறது என்று பார்த்துத் திசையை முடிவு செய்யாதே.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும் வினையை எடுத்துக்கொள். நமக்குத் தெற்கே தூத்துக்குடியில் ஸ்பிக் உரத்தொழிற்சாலை இருக்கிறது. யூரியாவுக்கு அடிப்படை இந்த வினைதான். 500 டிகிரி செல்சியஸில் இதன் கே சுமார் 0.06. ஒரு கலனில் லிட்டருக்கு நைட்ரஜன் 1.0 மோல், ஹைட்ரஜன் 2.0 மோல், அம்மோனியா 0.50 மோல் என்று வை. மேலே 0.50-ன் வர்க்கம் 0.25. கீழே 1.0 பெருக்கல் 2.0-ன் மூன்றாம் அடுக்கு, அதாவது 8. க்யூ 0.031. கேயைவிடச் சிறிது, ஆகவே அம்மோனியா இன்னும் உண்டாகும்.

இப்போது அம்மோனியாவை மட்டும் 1.0 மோலாக்கு. க்யூ 0.125 ஆகிவிடும். கேயைவிடப் பெரிது, அம்மோனியா உடையத் தொடங்கும். இரண்டு முறையும் கலனில் ஹைட்ரஜன்தான் அதிகம். ஹைட்ரஜன் மிச்சம் கிடக்கிறதே, வினை முன்னோக்கித்தான் போகும் என்று எழுதியிருந்தால் இரண்டாவது கணக்கில் மதிப்பெண் போயிருக்கும்.

3. அடுக்கைக் கையோடு எழுது.

மேலே உள்ள இரண்டாவது கணக்கில் ஹைட்ரஜனின் மூன்றாம் அடுக்கை விட்டுவிட்டால் க்யூ 0.125-க்குப் பதில் 0.5 வரும். முதல் கணக்கில் அதை விட்டால் 0.031-க்குப் பதில் 0.125 வரும், திசையே தலைகீழாகிவிடும். அடுக்கை ‘அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளாதே. சமன்பாட்டைச் சமன் செய்ததை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பின்னத்தில் கை வை.

4. திடப்பொருளைப் பின்னத்துக்குள் இழுக்காதே.

பாத்தியின் அடியில் உப்பு ஒரு கைப்பிடி கிடந்தாலும் சரி, முழங்கால் உயரம் குவிந்திருந்தாலும் சரி, மேலே நிற்கும் நீரின் க்யூ அதனால் மாறாது. தூய திடத்தையும் தூய திரவத்தையும் 1 என்று எடுத்துக்கொள்கிறோம். நீர்த்த கரைசலில் தண்ணீருக்கும் அதே மரியாதைதான்.

சுண்ணாம்புக் காளவாசல் இதற்கு நல்ல சாட்சி. சிப்பியிலும் சுண்ணாம்புக்கல்லிலும் உள்ள கால்சியம் கார்பனேட் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. இரண்டு பக்கமும் திடம் இருப்பதால் பின்னத்தில் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒன்றுதான். சுமார் 900 டிகிரி செல்சியஸில் கே ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தொடும். அதற்குக் கீழான சூட்டிலும், காற்றோட்டம் வாயுவை அள்ளிக்கொண்டே போனால் க்யூ தாழ்ந்தே இருக்கும், கல் வெந்துகொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் கதை வேறு. அங்கே கே ஏறத்தாழ 10⁻²³. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 0.0004 வளிமண்டலம்தான், ஆனாலும் கேயோடு ஒப்பிட்டால் அது மலை. அதனால்தான் சுண்ணாம்பு காற்றுப்பட்டு மறுபடியும் கார்பனேட் ஆகிறது, சுண்ணாம்புக் காரைச் சுவர் வருஷம் போகப் போக இறுகுகிறது.

5. முதல் கணக்கைக் கடல்நீரை வைத்துப் போடு.

ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் அயனி சுமார் 0.47 மோல், குளோரைடு அயனி சுமார் 0.55 மோல். உப்பு கரையும் சமன்பாட்டில் இடப்பக்கம் திட உப்பு, வலப்பக்கம் இந்த இரண்டு அயனிகள். ஆகவே க்யூ என்பது இரண்டின் பெருக்கம்: 0.26. பன்னிரண்டாம் வகுப்பில் இதையே அயனிப் பெருக்கம் என்பார்கள், கேயைக் கரைதிறன் பெருக்கம் என்பார்கள். 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். கிலோவுக்கு 6.1 மோல், அதன் வர்க்கம் 37. அதுதான் நம் கே.

0.26 எங்கே, 37 எங்கே? ஆகவே கடலில் உப்புப் பூக்காது. தண்ணீர் வற்றினால் இரண்டு அயனியின் செறிவும் சேர்ந்தே ஏறும். பத்தில் ஒரு பங்காக வற்றினால் க்யூ நூறு மடங்காகி 26. பன்னிரண்டில் ஒரு பங்காக வற்றினால் 37-ஐத் தொட்டுவிடும். கடல்நீரில் மெக்னீசியம் குளோரைடும் கூடவே இருப்பதால் உண்மையில் இதற்குச் சற்று முன்பே, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆனதும் உப்பு இறங்கத் தொடங்கும். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து விட்டதே, அதுவே பெரிய விஷயம்.

ஒன்றைக் கவனி. கரைதல் சமன்பாட்டில் திடம் இடப்பக்கம் இருப்பதால், ‘பின்னோக்கிப் போகும்’ என்றால் வீழ்படிவு உண்டாகும் என்று பொருள். வீழ்படிவு என்றதும் முன்னோக்கு என்று எழுதுகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

6. ஒரே தண்ணீரில் பல க்யூ உண்டு. எதன் முறை என்று கேள்.

அளத்தில் தண்ணீரை ஒரே பாத்தியில் விட்டு வற்றவைப்பதில்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்திக்கொண்டே போகிறார்கள். உயரமான குவளையில் நீரை மொண்டு, கண்ணாடி மானியை மிதக்கவிட்டு, நீர்மட்டம் எந்தக் கோட்டில் வெட்டுகிறது என்று குனிந்து பார்ப்பார்கள். அதைத்தான் ‘டிகிரி பார்ப்பது’ என்கிறார்கள். பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768-ல் வகுத்த அளவு அது. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். முதலில் விழுவது கால்சியம் கார்பனேட், கொஞ்சம்தான். 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட், அடியில் படியத் தொடங்கும். வெறுங்காலோடு இறங்கினால் ஊசி ஊசியாகக் குத்தும். 25 டிகிரியில் சோற்றுப்பு. மேற்பரப்பில் முதலில் மெல்லிய ஆடை போலப் படரும். உற்றுப் பார்த்தால் அது தலைகீழாக மிதக்கும் குட்டிக் கோபுரங்கள், உள்ளே குழிவிழுந்த சதுரப் படிகங்கள். கனம் தாங்காமல் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். 29, 30 டிகிரி ஆனதும் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அதற்குமேல் வைத்திருந்தால் மெக்னீசிய உப்புகளும் கூடவே சேரும், உப்பு கசக்கும், மூட்டையில் நீர் கசியும்.

உசிலியோ என்ற வேதியியலாளர் 1849-ல் மத்தியதரைக்கடல் நீரை வற்றவைத்து இந்த வரிசையைப் பதிவு செய்தார். மானி காட்டுவது அடர்த்தியைத்தான், க்யூவை அல்ல. ஆனால் கார்பனேட்டின் க்யூ, ஜிப்சத்தின் க்யூ, சோற்றுப்பின் க்யூ ஆகியவை தத்தம் கேயைத் தாண்டும் இடங்கள் அந்த அடர்த்திக் கோட்டில் வரிசையாக நிற்கின்றன. பரீட்சையில் ‘எது முதலில் வீழ்படிவாகும்?’ என்று கேட்டால் அளத்து வரிசையை நினைத்துக்கொள். ஒவ்வொரு உப்புக்கும் தனித்தனியாகக் க்யூவையும் கேயையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது.

7. கே சிறிது என்பதால் அதுதான் முதலில் விழும் என்று எண்ணிவிடாதே.

கே பாதிக் கதைதான். அந்த அயனிகள் தண்ணீரில் எவ்வளவு இருக்கின்றன என்பது மறுபாதி. கால்சியம் சல்பேட்டின் கே, சோற்றுப்பின் கேயைவிட லட்சக்கணக்கான மடங்கு சிறிது. ஆனாலும் கடல்நீர் நான்கில், ஐந்தில் ஒரு பங்காக வற்றும்வரை ஜிப்சம் காத்திருக்கிறது, ஏனென்றால் கடலில் கால்சியம் குறைவு. 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற வான்ட் ஹாஃப், ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் உப்புப் படிவுகளில் எந்த உப்பு எதற்குப் பின் படிந்தது என்பதை ஆராய்வதற்குப் பல ஆண்டுகள் கொடுத்தார். சமநிலைக் கணக்கில் தேர்ந்த அவருக்கே வரிசை அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

8. அடர்ந்த கரைசலில் செறிவை அப்படியே நம்பாதே.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இது. கடல்நீரில் கால்சியம் கிலோவுக்கு 0.0103 மோல், சல்பேட் 0.0282 மோல். பெருக்கினால் 2.9 × 10⁻⁴. ஜிப்சத்தின் கே 25 டிகிரியில் சுமார் 3.1 × 10⁻⁵. க்யூ ஒன்பது மடங்கு பெரிது! அப்படியானால் பாக் நீரிணையின் தரை முழுக்க ஜிப்சமாக அல்லவா இருக்க வேண்டும்?

கணக்கு தப்பில்லை, போட்ட எண்தான் தப்பு. உப்புச் செறிந்த நீரில் ஒவ்வொரு அயனியையும் எதிர் மின்சுமை அயனிகள் சூழ்ந்துகொள்கின்றன. சல்பேட்டில் ஒரு பகுதி மெக்னீசியத்தோடும் சோடியத்தோடும் இணை சேர்ந்துவிடுகிறது. ஆகவே வினையில் பேசும் வலு, இருக்கும் செறிவைவிட மிகக் குறைவு. அந்த வலுவைத்தான் செயல்திறன் என்கிறோம், க்யூவுக்குள் உண்மையில் போட வேண்டியது அதைத்தான். கடல்நீரில் கால்சியத்துக்குத் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு, சல்பேட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துப் பார். 2.9 × 10⁻⁴ ஐம்பதில் ஒரு பங்காகி 5.8 × 10⁻⁶. கேயில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜிப்சம் விழாதது சரிதான்.

பள்ளிக்கூடத்தில் நீர்த்த கரைசல்களே வருவதால் செறிவு போதும். நாளை உப்புநீர், கழிவுநீர், ரத்தம் என்று எதிலாவது கை வைக்கும்போது இந்த எட்டாவது புள்ளியை மறந்துவிடாதே.

9. கலந்த பிறகு உள்ள செறிவைப் போடு.

100 மில்லி கால்சியம் குளோரைடு கரைசல், 100 மில்லி சோடியம் சல்பேட் கரைசல், இரண்டும் 0.010 மோலார். ஒன்றாக ஊற்றினால் ஜிப்சம் விழுமா? அவசரக்காரர் 0.010-ஐ 0.010-ஆல் பெருக்கி 1.0 × 10⁻⁴ என்பார்; 3.1 × 10⁻⁵-ஐவிடப் பெரிது, விழும் என்று முடிப்பார். ஆனால் கலந்ததும் கொள்ளளவு இரட்டிப்பு, ஒவ்வொரு செறிவும் 0.005. க்யூ 2.5 × 10⁻⁵. விழாது. ‘சம கொள்ளளவு கலக்கப்பட்டது’ என்று கேள்வியில் பார்த்தால் அந்தச் சொற்களின் கீழ் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே படி.

10. மாறியது க்யூவா, கேயா என்று பிரித்துப் பார்.

உப்பளத்துக்கு வெயில் உயிர். உப்பூர் விநாயகரே வெயிலுகந்தவர். ஆனால் அந்த வெயில் உப்பளத்தில் கேயைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை என்றால் நம்புவாயா? 100 கிராம் தண்ணீரில் கரையும் உப்பு, நீர் உறையும் வெப்பநிலையில் 35.7 கிராம், கொதிக்கும் வெப்பநிலையில் 39 கிராம். அவ்வளவு சூட்டுக்கும் வித்தியாசம் மூன்று கிராம்தான். வெயிலும் காற்றும் செய்வது தண்ணீரை அள்ளிப் போவது, அதாவது க்யூவை ஏற்றுவது. ஐப்பசி மழை செய்வது தண்ணீரைச் சேர்ப்பது, க்யூவை இறக்குவது.

செறிவு, அழுத்தம், கொள்ளளவு எது மாறினாலும் மாறுவது க்யூதான். வெப்பநிலை மாறினால்தான் கே மாறும். அம்மோனியா வினை வெப்பம் உமிழ்வது. சூடு ஏற ஏற அதன் கே சரிந்துகொண்டே போகும். வினையூக்கி இரண்டையுமே தொடாது. லீ சாட்லியர் தத்துவத்தை ஒப்பிக்கிறவர்கள் எல்லாவற்றையும் ‘சமநிலை நகரும்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நீ எது நகர்ந்தது என்று கேள்.

11. எடுப்பதும் ஒரு வழி.

க்யூவைக் குறைக்க வினைபடுபொருளைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. விளைபொருளை அகற்றினாலும் போதும். நம் பக்கத்துக் கடின நீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியைப் பார், வெள்ளையாகக் காரை பிடித்திருக்கும். கால்சியம் அயனி ஒன்றும் பைகார்பனேட் அயனி இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் ஆகும் வினை அது. திடத்தையும் தண்ணீரையும் விட்டால் க்யூவின் மேல்பகுதியில் நிற்பது கார்பன் டை ஆக்சைடு ஒன்றுதான். கொதிக்கும்போது அது குமிழியாகப் பறந்துவிடுகிறது, க்யூ விழுகிறது, வினை முன்னோக்கி ஓடுகிறது. அம்மோனியா ஆலையிலும் இதே வேலைதான். அம்மோனியாவைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிரித்தெடுத்து, மிஞ்சிய வாயுக்களை மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள்.

12. திசை வேறு, வேகம் வேறு.

தொண்டி இந்தப் பக்கம் என்று காட்டும் கைகாட்டிப் பலகை, தொண்டி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லாது. க்யூவும் அப்படித்தான்.

மன்னார் வளைகுடாவைப் பார். 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய பவளத்திட்டுகளையும் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளம் கட்டும் எலும்பு அரகோனைட், கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். வெப்பக் கடலின் மேல்நீரில் கால்சியம் 0.0103 மோல், கார்பனேட் சுமார் 0.00024 மோல், பெருக்கினால் 2.5 × 10⁻⁶. கடல்நீருக்கென்றே அளந்து வைத்த கே 6.5 × 10⁻⁷. க்யூவைக் கேயால் வகுத்தால் நான்குக்குச் சற்றுக் குறைவு. திசை தெளிவு: அரகோனைட் படிய வேண்டும். ஆனால் கடல் தானாகப் பால்போல் வெளுத்துவிடுவதில்லை. மெக்னீசியமும் கரிமப் பொருள்களும் படிகம் முளைக்கவிடாமல் தடுக்கின்றன. பவளப்பூச்சி தன் உடலுக்குள் க்யூவை இன்னும் ஏற்றிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது.

காற்றில் கூடும் கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைந்து, கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. மேலே நிற்கும் எண் குறைகிறது, க்யூ இறங்குகிறது. நான்கு மூன்றானாலும் ஒன்றைவிடப் பெரிதுதானே என்று இருக்க முடியாது. திசை மாறாவிட்டாலும் பவளத்துக்குக் கூலி ஏறிவிடுகிறது.

13. சமன்பாட்டைத் திருப்பினால் கேயையும் திருப்பு.

உப்பு கரைவதற்குக் கே 37 என்றால், உப்பு படிவதற்குக் கே 37-ல் ஒரு பங்கு, 0.027. அம்மோனியா சமன்பாட்டை ஒரு மூலக்கூறு அம்மோனியாவுக்காகப் பாதியாக்கி எழுதினால் 0.06-க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும், 0.24 வரும். க்யூவை ஒரு சமன்பாட்டுக்கும் கேயை இன்னொரு சமன்பாட்டுக்கும் எழுதி ஒப்பிட்டால் வரும் விடைக்குப் பொருளே இல்லை. சமன்பாட்டை விடைத்தாளின் முதல் வரியில் எழுது. இரண்டும் அதன் கீழேதான்.

14. எக்ஸுக்குக் குறி போடுமுன் க்யூவைப் பார். எவ்வளவு தூரம் என்பதையும் அதனிடமே கேள்.

சமநிலைச் செறிவு கண்டுபிடிக்கும் கணக்கில் தொடக்கம், மாற்றம், முடிவு என்று மூன்று வரி போடுவோம். மாற்ற வரியில் எதற்குக் கூட்டல், எதற்குக் கழித்தல்? க்யூ சொல்லும். இரண்டாம் அறிவுரையில் பார்த்த 0.125 கணக்கில் அம்மோனியா 1.0 கழித்தல் 2எக்ஸ், நைட்ரஜன் 1.0 கூட்டல் எக்ஸ், ஹைட்ரஜன் 2.0 கூட்டல் 3எக்ஸ். விளைபொருள் கொஞ்சமும் இல்லாமல் தொடங்கினால் க்யூ பூச்சியம். முன்னோக்குவதைத் தவிர வழியில்லை, கணக்கே வேண்டாம்.

தூரத்துக்குக் கட்டிலா ஆற்றல் இருக்கிறது. க்யூ வகுத்தல் கே என்பதன் இயல் மடக்கையை வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கினால், ஒரு மோலுக்கு எத்தனை ஜூல் உந்துதல் என்று வந்துவிடும். 30 டிகிரி செல்சியஸில் பத்து மடங்கு வித்தியாசத்துக்கு 5.8 கிலோஜூல். க்யூ சிறிது என்றால் மடக்கை எதிர்க்குறி, வினை தானாக முன்னோக்கும். பதினொன்றாம் வகுப்பின் வெப்ப இயக்கவியலும் சமநிலையும் கைகோக்கும் இடம் இது.

15. விடையை வாக்கியமாக எழுது. பிறகு ஊரில் பொருத்திப் பார்.

‘க்யூ < கே’ என்று குறியோடு நிறுத்தாதே. ‘ஆகவே முன்னோக்கு வினை நடக்கும், இன்ன பொருள் கூடும், இன்ன பொருள் குறையும்’ என்று எழுது. எழுதும்போதே தப்பு கண்ணில் படும்.

வீட்டுக்கணக்கு ஒன்று தருகிறேன். ஒரு பாத்தியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தெவிட்டிய உப்புநீர். அடியில் வாராத உப்பு. இரவில் ஒரு சென்டிமீட்டர் மழை, தண்ணீர் முழுக்கக் கலந்துவிட்டது. நீரில் சோற்றுப்பு மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள். மழை விட்டதும் க்யூ எவ்வளவு? வினை எந்தப் பக்கம்? மறுபடி சமநிலை வருவதற்குள் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ உப்பு கரையும்? க்யூ 31-க்கு அருகிலும், கரைந்த உப்பு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலும் வந்தால் சரி. ஒரு ஏக்கர் முழுக்கப் பாத்தி என்றால் அது 14 டன்னைத் தாண்டும். மழைநீர் கனம் குறைந்தது, கலங்காதவரை மேலேயே நிற்கும். அது கலக்குமுன் மேல்நீரை வடித்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் அதே தாளில் போட்டுப் பார். வழி உன்னுடையதாக இருக்கட்டும். முதல் வரி மட்டும் க்யூவாக இருக்க வேண்டும்.